நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பரீட்சைக் காகிதக் கட்டு ஒன்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, எந்தப் பையனுடைய கணக்கை முதலில் அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அச்சமயம் கோயம்புத்தூரிலிருந்து நமது பால்ய சிநேகிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். வழக்கம்போல் அவர் குழந்தைகளின் சௌக்கியத்தை விசாரிக்கவில்லை. எதிரே வைத்த காப்பி ஆறிப் போவதையும் கவனிக்கவில்லை. முகத்தில் கவலை குடிகொண்டிருந்தது.

நண்பருக்குச் சொந்தமாக ஒரு லேத்துப் பட்டறை உண்டு. தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுப்பது அவருடைய தொழில். முப்பத்தாறு பேர் அங்கே வேலை செய்கிறார்கள். பத்து வருஷ காலமாக அவரிடம் சரக்கு எடுத்து வந்த பெரிய கம்பெனி ஒன்று, இந்த வருஷம் அந்த ஆர்டரை வேறொரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டதாம். அந்தப் பட்டறைக்காரர் விலையையும் குறைத்துச் சொன்னாராம். குறித்த தேதியில் சரக்கு வந்து சேரும் என்று உறுதியும் கொடுத்தாராம்.

"நம் ஆட்களுக்கு உடம்பு வளைவதில்லை, ஸார்! அதுதான் விஷயம்" என்றார் நண்பர். "ஒரு ஜப்பான்காரன் செய்கிற வேலையை நம்மவர்கள் மூன்று பேர் சேர்ந்தாலும் செய்யமாட்டார்கள். பத்துப் பேருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடப் போகிறேன். மிச்சமுள்ளவர்கள் அந்தப் பயத்திலாவது வேலை செய்வார்கள் அல்லவா?"

பத்துப் பேர் என்றால் பத்துக் குடும்பங்கள். உபாத்தியாயர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். தகப்பனாருக்கு வேலை போன செய்தி வேறு யாருக்கும் தெரியுமுன்பே, வகுப்பில் மூன்றாவது பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பையனுடைய முகத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே நண்பரைச் சற்றுப் பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொண்டோம். அவர் புகழ்ந்த ஜப்பானியர்களைப் பற்றியே ஒரு காலத்தில் இதே பேச்சு இருந்தது என்று சொன்னதும் அவருக்கு ஆச்சரியமாகப் போயிற்று. அன்று அவரிடம் சொன்னதையும், பிறகு அவருடைய பட்டறையில் நாம் கண்டதையும் சேர்த்து இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே உரிய விஷயம் இதுவென்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அடுப்பங்கரைக்கும் வகுப்பறைக்கும்கூட இதில் பங்கு உண்டு.

*

1937-ஆம் வருஷத்தையொட்டி, ஜப்பானில் டொயோடா நூற்பு நெசவு ஆலையில் தாயிச்சி ஓனோ என்ற வாலிபர் வேலை பார்த்து வந்தார். ஒரு ஜெர்மானியத் தொழிலாளி மூன்று ஜப்பானியர்களின் வேலையைச் செய்வான், ஓர் அமெரிக்கன் மூன்று ஜெர்மானியர்களின் வேலையைச் செய்வான் என்று ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. அதாவது ஒன்பது ஜப்பானியர்கள் ஓர் அமெரிக்கனுக்குச் சமம்!

இதைக் கேட்டுவிட்டு, "நம்மவர்கள் சோம்பேறிகள்" என்று ஓனோ பெருமூச்சு விடவில்லை. "அமெரிக்கர்களின் பொய்" என்று கோபிக்கவும் இல்லை. பின்னாளில் தம் புஸ்தகத்தில் இதைப் பற்றி எழுதியபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். ஓர் அமெரிக்கனுடைய உடம்பு ஒரு ஜப்பானியனுடைய உடம்பைப் போல் ஒன்பது பத்து மடங்கு உழைத்துவிட முடியுமா? முடியாது. அப்படியானால் நம்மவர்களின் உழைப்பில் பெரும்பகுதி எங்கேயோ வீணாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்த விரயத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் போதும், திறன் தானே பெருகும்.

உற்பத்தித் திறன் என்பதன் பொருள் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. இட்ட பொருளுக்கும் காலத்துக்கும் கிடைத்த பலன் என்ன என்பதே திறன். தொழிலாளியை விரட்டினால் வியர்வை அதிகமாகும். பலனும் அதிகமாகும் என்று சொல்வதற்கில்லை.

*

ஓனோவுக்கு இந்தச் சிந்தனை தோன்றியது தற்செயலன்று. அவர் வேலை பார்த்த ஆலையை ஸ்தாபித்தவர் ஸாகிச்சி டொயோடா. 1867-இல் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர். கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் படும் சிரமத்தைக் கண்டு, 1891-இல் மரத்தால் ஒரு கைத்தறி செய்து உரிமைப் பத்திரம் பெற்றார். அதிலிருந்து ஆயுள் முழுவதும் தறியைத் திருத்துவதே அவருக்கு வேலையாயிற்று. 1924-இல் தம் புதல்வர் கீச்சிரோவின் உதவியோடு அவர் முடித்த தானியங்கித் தறியில் ஒரு விசேஷம் இருந்தது. பாவு நூலில் ஓர் இழை அறுந்தாலும், ஊடை நூல் அறுந்தாலும், தறி தானாகவே நின்றுவிடும்.

இதில் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் கஜம் கஜமாகக் குறையுள்ள துணி வந்துகொண்டே இருக்கும். அது நேராமல் இருக்கத் தறிக்கு ஓர் ஆள் வீதம் காவல் நிற்கவேண்டும். குறை நேர்ந்த க்ஷணமே தறி தானாக நிற்குமானால், ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். தரமும் உயர்கிறது, செலவும் குறைகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று எண்ணியிருந்த உலகத்துக்கு, இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று அந்தத் தறி காட்டிக் கொடுத்தது.

இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவில் ஓல்டாம் என்ற ஊரில் பிளாட் சகோதரர்கள் கம்பெனி என்று ஒன்று இருந்தது. உலகமெங்கும் நெசவாலைகளுக்கு யந்திரம் செய்து கொடுத்த பெரிய கம்பெனி அது. 1929-இல் அந்தக் கம்பெனி ஒரு லட்சம் பவுன் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, டொயோடாவின் தறியைச் செய்யும் உரிமையைப் பெற்றது. குருவானவர் சிஷ்யனிடம் பாடம் கேட்க வந்த கதைதான்! லங்காஷயர்த் துணியின் போட்டியால் நம் நாட்டுத் தறிகள் ஓய்ந்த சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தியின் சுவை சற்று அதிகமாகவே இருக்கும்.

*

நிற்க. கீச்சிரோ தறியை விட்டு மோட்டார் வண்டிக்குத் தாவினார். அந்தத் துறையில் அப்போது சக்கரவர்த்தியாக விளங்கியவர் ஹென்றி ஃபோர்டு. 1913-இல் டெட்ராய்ட் நகரத்தை அடுத்த ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் ஃபோர்டு ஒரு மாறுதல் செய்தார். அதுவரையில் தொழிலாளர்கள் வண்டியைத் தேடிப் போவார்கள். இனி வண்டி தொழிலாளர்களைத் தேடி வரும் என்று ஏற்பாடாயிற்று. நகர்ந்து வரும் வண்டியில் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய ஒரே ஒரு வேலையைச் செய்து அனுப்பவேண்டும். ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது போய், 93 நிமிஷத்தில் காரியம் முடிந்தது. 1908-இல் 850 டாலருக்கு விற்ற வண்டி, 1920-களில் 300 டாலருக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த இடைவிடாத ஒரே வேலையைச் சகிக்கமாட்டாமல் தொழிலாளர்கள் வந்த சுருக்கில் ஓட ஆரம்பித்தார்கள். ஆகவே 1914 ஜனவரியில் ஃபோர்டு தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார். கூலியை உயர்த்தியும் விலையைக் குறைக்கலாம் என்று உலகம் அன்று கண்டுகொண்டது.

இவ்வளவு கெட்டிக்காரரும் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தார். பத்தொன்பது வருஷம் ஒரே மாதிரி வண்டி! ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தாயிற்று. அதற்குள் ஜனங்களின் ருசி மாறிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி விதவிதமான வண்டிகளைச் செய்து அந்த ருசிக்கு ஈடு கொடுத்தது. 1927-இல் ஃபோர்டு பழைய வண்டியை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவர முனைந்தபோது, அவருடைய யந்திரங்கள் எல்லாம் அந்த ஒரே வண்டிக்கென்று அமைந்தவையாக இருந்தன. பல மாத காலம் தொழிற்சாலையை மூட வேண்டியதாயிற்று. முதலிடம் கை நழுவிப் போயிற்று.

இங்கேதான் திறன் வேறு, உபாயம் வேறு என்பது புலனாகிறது. ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் விக்காம் ஸ்கின்னர் 1969-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கம்பெனித் தலைவர்கள் விற்பனைக்கும் பணத்துக்கும் திட்டம் போடுகிறார்களேயன்றி, பட்டறையைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை என்று குறை கூறினார். விலை மலிவு, தரம், சொன்ன தேதி தவறாமை, வேண்டும்போது மாறிக்கொள்ளும் சௌகரியம் என்று போட்டியில் பல துறைகள் உண்டு. நாம் எந்தத் துறையில் ஜெயிக்கப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, யந்திரத்தையும் ஆளையும் சரக்கையும் அதற்கு ஏற்றபடி அமைக்கவேண்டும். அதுதான் உபாயம். வழி தப்பாயிருந்தால், வேகமாக நடப்பவன் ஊரை விட்டு வேகமாக விலகிப் போவான்.

*

1950-ஆம் வருஷம் டொயோட்டா மோட்டார் கம்பெனிக்கு மிகவும் பொல்லாத வருஷம். கையில் பணமில்லை, பாங்குகள் நிபந்தனை போட்டன, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் சுமார் 1,600 பேர் வேலையை விட்டு விலக நேர்ந்தது. யாரையும் அனுப்புவதில்லை என்று சொல்லிவந்த கீச்சிரோ, அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமற் போனதற்குப் பொறுப்பேற்றுத் தாமும் தலைமைப் பதவியை விட்டு விலகினார். இரண்டு வருஷத்துக்குள் காலமானார்.

அந்த வருஷமே அவருடைய சிற்றப்பா மகனான எய்ஜி டொயோடா அமெரிக்கா சென்று ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையைப் பார்த்தார். பதின்மூன்று வருஷ காலத்தில் டொயோட்டா அதுவரை செய்திருந்த பிரயாணிக் கார்கள் 2,685. ரூஜ் தொழிற்சாலையோ ஒரே நாளில் சுமார் 7,000 வண்டிகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வேறொருவராயிருந்தால் அதே மாதிரி தொழிற்சாலையைக் கடன் வாங்கியாவது கட்ட முயன்றிருப்பார். அல்லது தொழிலையே கைவிட்டிருப்பார்.

எய்ஜியும் ஓனோவும் இரண்டையும் செய்யவில்லை. நமது சந்தை சிறியது, அதில் லாரியும் வேண்டும், சிறு காரும் வேண்டும், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும், பணமோ இல்லை. ஃபோர்டின் வழி நமக்கு உதவாது என்று கண்டார்கள். பல வகை வண்டிகளைச் சிறு சிறு தொகையாக, விரயமின்றிச் செய்வதே உபாயம் என்று தீர்மானித்தார்கள்.

இதற்கு முதல் தடை தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் யந்திரத்தில் இருந்தது. ஓர் அச்சைக் கழற்றி மற்றோர் அச்சை மாட்ட இரண்டு மூன்று மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரம் யந்திரம் சும்மா நின்றால் கட்டுப்படியாகுமா? ஆகவே ஒருமுறை மாட்டினால் ஆயிரக்கணக்கில் ஒரே உறுப்பை அடித்துக் குவிப்பது வழக்கம். டொயோட்டாவில் அச்சு மாற்றும் நேரத்தையே கணக்குப் போட்டு ஆராய்ந்தார்கள். யந்திரம் ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலைகள் எவை, நிறுத்திய பிறகே செய்யவேண்டியவை எவை என்று பிரித்தார்கள். வருஷக்கணக்கில் இப்படித் திருத்தி வந்ததில், 1960-களின் இறுதியில் அதே வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. சமையல் ஆரம்பிக்குமுன் காய்கறியை நறுக்கி, பருப்பை ஊறவைத்து, கறிவேப்பிலையை உருவி வைத்துக்கொள்ளும் எந்த இல்லத்தரசிக்கும் இந்த ரகசியத்தை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சரக்கைக் குவிக்கும் வழக்கம். அமெரிக்காவில் உள்ள பெரிய மளிகைக் கடைகளில் வாடிக்கைக்காரர் அலமாரியிலிருந்து வேண்டியதை எடுத்துப் போக, எடுத்த அளவுக்கு மட்டும் கடைக்காரர் மறுபடியும் நிரப்பி வைப்பதைப் பற்றி ஓனோ அறிந்திருந்தார். அதே முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். பின்னால் இருப்பவன் செய்து முன்னால் தள்ளுவதற்குப் பதிலாக, முன்னால் இருப்பவன் வேண்டும்போது பின்னால் போய்க் கேட்டு வாங்கவேண்டும். கேட்பதற்கு அடையாளமாக ஒரு சீட்டு. அதற்குக் 'கான்பான்' என்று பெயர். சீட்டு வராமல் ஒரு திருகாணிகூடச் செய்யக்கூடாது. நம் வீட்டில் தோசை வார்ப்பதும் இப்படித்தான். காலை ஐந்து மணிக்கே ஐம்பது தோசையை வார்த்து அடுக்கிவிட்டு யாரும் இலை போடுவதில்லை. இலையில் இருப்பது தீரத் தீரத்தான் கல்லில் மாவு விழுகிறது. அப்போதுதான் தோசையும் ருசி. உப்புக் குறைவு என்றால் இரண்டாவது தோசையிலேயே தெரிந்து மாவையும் சரிப்படுத்திவிடலாம்.

மூன்றாவது, ஸாகிச்சியின் தறிப் பாடம். வண்டி பூட்டும் வரிசையில் எந்தத் தொழிலாளியும் குறையைக் கண்டால் தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுக்கலாம்; குறை தீராவிட்டால் வரிசை முழுவதும் நின்றுவிடும். நின்றதும் "யார் செய்தது?" என்று கேட்பதில்லை, "ஏன் நேர்ந்தது?" என்று ஐந்து முறை கேட்கவேண்டும் என்பது ஓனோவின் விதி. யந்திரம் ஏன் நின்றது? பாரம் மிகுந்து ஃப்யூஸ் போயிற்று. பாரம் ஏன் மிகுந்தது? தாங்கியில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் அச்சு தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் புது ஃப்யூஸ் போட்டிருப்போம். மறு மாதம் மறுபடியும் நின்றிருக்கும். குழந்தைகள் இயல்பாகவே ஐந்து முறை "ஏன்?" கேட்பவர்கள், இரண்டாவது கேள்வியில் அவர்கள் வாயை அடைக்கும் பெரியவர்களில் நாமும் ஒருவர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

*

இவ்வளவையும் கேட்ட நண்பர், "ஜப்பானுக்குச் சரி, என் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். அடுத்த விடுமுறையில் போனோம். கையில் கடிகாரமும் நோட்டுப் புஸ்தகமும் வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு, நண்பரும் நாமும் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு லேத்தை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டோம். ஒரு மணி நேரத்தில் இரும்பு சீவப்பட்டது இருபத்திரண்டு நிமிஷம். மிச்ச நேரத்தில் அந்தத் தொழிலாளி தூங்கினாரா என்றால் இல்லை, நடந்துகொண்டே இருந்தார்! வார்ப்பு எடுத்து வரக் கொல்லைப்புறத்துக்கு நடந்தார். அளவு பார்க்கும் கருவி ஒன்றுதான் இருந்தபடியால் அதைக் கேட்டு வாங்க நாலாவது லேத்துக்கு நடந்தார். முனை மழுங்கிய கருவியை மாற்றச் சாமான் அறைக்கு நடந்தார். சாமான் அறை பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று விசாரித்தோம். நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது.

"நான் பாங்குக்குப் போயிருந்தால்..." என்று ஆரம்பித்த நண்பர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

கொல்லைப்புறத்தில் ஒரு குவியல் துருவேறிக் கிடந்தது. யாரும் கேட்காத அளவில் கடைந்த உறுப்புகள். அளவு மாற்றி அமைக்க அரை நாள் ஆகிறதென்று ஒரே மூச்சில் ஆயிரம் செய்துவிட்டார்களாம். அந்தக் குவியலுக்குள் வாங்கிய இரும்பின் விலையும், கொடுத்த கூலியும், பாங்குக்குக் கட்டும் வட்டியும் புதைந்து கிடந்தன.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வயதான தொழிலாளி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். உறுப்பைச் சட்டென்று பிடித்து நிறுத்தும்படி ஒரு சட்டம் செய்து மாட்டினால் அரை நாள் வேலையை அரை மணியில் முடிக்கலாம் என்று அவர் நமக்குத் தரையில் கோடு போட்டுக் காண்பித்தார். இந்த யோசனை அவருக்குத் தோன்றி நாலைந்து வருஷம் ஆகிறதாம்.

"முதலாளியிடம் சொன்னதுண்டா?" என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் சும்மா இருந்தார். "சொன்னால் நாலு பேர் வேலையை ரெண்டு பேர் பார்க்கலாம் என்று ஆகிவிடும், சாமி. மத்த ரெண்டு பேர் எங்கே போவாங்க?" என்றார்.

நண்பர் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

*

இந்தக் கேள்விக்கு விடை கலிபோர்னியாவில் உள்ள ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் கிடைக்கிறது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. வேலைக்கு வராமல் நிற்பவர்கள் பலர், ஓயாத தகராறு, வண்டிகளில் குறை. திருத்த முடியாதென்று 1982-இல் அதை மூடிவிட்டார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே தொழிற்சாலையைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. அவர்களுடைய சங்கமும் அதே சங்கம்தான். நிர்வாக முறை மட்டும் டொயோட்டாவின் முறை. தலைவர்களாக வரவேண்டியவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். சில வருஷங்களுக்குள், அமெரிக்காவிலேயே சிறந்த தரமுள்ள வண்டிகள் சில அங்கிருந்து வெளிவந்தன.

ஆட்கள் மாறவில்லை, ஆனால் ஒரு வாக்குறுதி புதிதாய் வந்தது. கம்பெனியின் நிலைமை மிகவும் நெருக்கடியானாலன்றி ஒருவரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை என்று சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். 1988-இல் விற்பனை மந்தமாகி வேலை குறைந்தபோதும் ஆட்களை அனுப்பாமல், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். தன் யோசனை தன் சோற்றில் மண்ணைப் போடாது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே தொழிலாளி வாயைத் திறக்கிறான். பயத்தினால் கைகளை வேலை வாங்கலாம். தலையை வேலை வாங்க முடியாது.

டொயோட்டாவின் முறை குற்றமற்ற வேதம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1997 பிப்ரவரி முதல் தேதி, பிரேக்குக்கான ஒரு சிறு உறுப்பை ஏறக்குறைய முழுவதும் செய்து கொடுத்துவந்த ஐஸின் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. கிடங்கில் சரக்குச் சேர்த்து வைக்காத டொயோட்டாவின் தொழிற்சாலைகள் ஜப்பானில் வரிசையாக நின்றுவிட்டன. எத்தனையோ சிறு கம்பெனிகள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு அந்த உறுப்பைச் செய்து கொடுக்க ஓடி வந்ததால், சில நாட்களுக்குள் வண்டிகள் மறுபடியும் வெளிவரத் தொடங்கின. 2011-இல் நேர்ந்த பெரிய பூகம்பத்துக்குப் பிறகு, எளிதில் கிடைக்காத மின் சில்லுகளை மட்டும் சில மாதத்துக்குப் போதுமானபடி சேர்த்து வைக்க ஏற்பாடு செய்தார்கள். 2021-இல் உலகமெங்கும் சில்லுப் பஞ்சம் வந்தபோது மற்றவர்களைவிடச் சற்று அதிக காலம் அவர்களால் தாக்குப் பிடிக்க முடிந்தது. தோசையைச் சுடச்சுட வார்ப்பது சரிதான். அதற்காக வீட்டில் ஒரு மாதத்து அரிசியை வாங்கி வைக்காமல் இருப்பது விவேகமன்று.

இதெல்லாம் அயல் நாட்டுப் பெருமையல்லவா, நமக்குக் கைகூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க நிபுணர் டெமிங் 1950-இல் ஜப்பானியர்களுக்குத் தரத்தைப் பற்றிப் பாடம் சொன்னார். மறு வருஷமே ஜப்பானியர்கள் அவர் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். 1998-இல் சென்னைக்கு அருகில் பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு அந்தப் பரிசைப் பெற்றது. அதைப் பெற்ற முதல் இந்தியக் கம்பெனி அதுவே. 2002-இல் ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்யும் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்கும் அது கிடைத்தது. வேலை செய்தவர்கள் யார்? நம்முடைய பள்ளிக்கூடங்களில் படித்து, நம்முடைய அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களே. "நம்மவர்களுக்கு உடம்பு வளையாது" என்று சொல்பவர்கள் பாடிக்கும் ஓசூருக்கும் ஒருமுறை போய் வருவது நலம்.

*

நண்பரிடமிருந்து சென்ற வாரம் கடிதம் வந்தது. சாமான் அறைச் சாவியை லேத்துகளுக்கு நடுவில் உள்ள தூணில் ஆணியடித்து மாட்டிவிட்டாராம். அளவு பார்க்கும் கருவி இன்னும் மூன்று வாங்கினாராம். யோசனை சொன்னதற்காக யாருக்கும் வேலை போகாது என்று முப்பத்தாறு பேரையும் கூட்டி வைத்துச் சொன்னாராம். முதல் நாள் யாரும் நம்பவில்லையாம். இரண்டாவது வாரத்தில் அந்த வயதானவர் தரையில் போட்ட கோட்டைத் தகட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். போன ஆர்டர் இன்னும் திரும்பி வரவில்லை. சிறிய ஆர்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. சொன்ன தேதிக்கு முன்பே கொடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார். பத்துப் பேரை அனுப்புகிற பேச்சு கடிதத்தில் இல்லை.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, முடிக்காமல் கிடந்த பரீட்சைக் காகிதங்களை எடுத்தோம். நாற்பது பையன்களில் இருபத்தேழு பேர் ஆறாவது கணக்கை ஒரே மாதிரியாகத் தப்புச் செய்திருந்தார்கள். ஒரு பையன் தப்புச் செய்தால் அவன் கவனக்குறைவு என்று சொல்லலாம். இருபத்தேழு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், கரும்பலகைக்கு முன்னால் நின்றவரைத்தான் விசாரிக்கவேண்டும்.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டோம். திங்கட்கிழமை முதல் மணியில் அந்தக் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து நடத்துவதாக உத்தேசம்.